இரண்டு போல்ட்டும் ஒரு காப்புத் தகடும்

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது அவர் எங்கள் காவலாளியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

நான் வேலை பார்ப்பது ராணுவ அருங்காட்சியகத்தின் பின்பக்கப் பட்டறையில். பழைய வண்டிகள், பீரங்கிகள், இறக்கை ஒடிந்த ஒரு விமானம் எல்லாம் கடைசியில் எங்களிடம்தான் வந்து சேரும். துருவைச் சுரண்டி, ஓட்டையை அடைத்து, பெயின்ட் அடித்து முன்கூடத்துக்கு அனுப்புவோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஊரில் யார் கேட்டாலும் அம்மா, "எம்புள்ள பீரங்கி ரிப்பேர் பண்றான்" என்பார். சண்டை ஏதும் வரப்போகிறதா என்று பயந்துபோய் எனக்கே போன் போட்டு விசாரித்தவர்கள் உண்டு. எனக்கும் அந்த வேலையில் பெருமைதான், மறைப்பானேன்.

அப்போது ஒரு டேங்க் புதிதாக வந்து இறங்கியிருந்தது. போர்க் காலத்திலிருந்து ஏதோ ஒரு கிடங்கின் மூலையில் கேட்பாரற்றுக் கிடந்த வண்டி. அதை இழுத்து வந்ததை ஒரு பத்திரிகைக்காரர் படம் பிடித்துப் போட்டார். வண்டியின் பக்கவாட்டில் இருந்த எண் படத்தில் பளிச்சென்று தெரிந்தது. படம் வெளியான மறுநாள் காலை, பட்டறை வாசலில் ஒரு வயதான அம்மா கையில் குடையுடன் நின்றுகொண்டிருந்தார்.

"பாட்டிம்மா, உள்ள பொதுஜனம் போகக்கூடாது. சொன்னா கேளுங்க" என்றார் காவலாளி. அவருக்கே பேரன் பிறந்தாகிவிட்டது.

"யாருக்குப் பாட்டி? தலைக்கு டை அடிச்சுக்கிட்டா நீ சின்னப் பையனாயிடுவியா?"

"அம்மா, இது கவர்மென்ட் இடம்."

"நானும் கவர்மென்ட்ல வேல பாத்தவதான். அந்த வண்டி உங்க வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி என் மேஜைக்கு வந்துச்சு. இன்ஜினியர் யாராச்சும் இருந்தா கூப்பிடு."

இருந்த இன்ஜினியர் நான்தான். போனேன். அவர் என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். துணிக்கடையில் அளவெடுப்பவர்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

"டேங்க் உள்ள உன்னால நுழைய முடியுமா? எனக்கு முட்டி மடங்காது. உனக்கு மடங்கும்ல?"

"மடங்கும்மா. என்ன பாக்கணும்?"

"பீரங்கியோட பின்பக்கம், லோடர் நிக்கிற பக்கமா ஒரு காப்புத் தகடு இருக்கும். அதோட முன்முனையில ரெண்டு போல்ட்டு. அது ரெண்டும் எப்பவாச்சும் கழட்டி மாட்டினதா, கழட்டவே இல்லாததா? அது ஒண்ணு தெரியணும்."

எதற்கு என்று கேட்டேன். "தெரிஞ்சுக்கத்தான்" என்றார். ஆனால் குடையின் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போய் இருந்தன.

மேனேஜர் அனுமதி இல்லாமல் யாரும் அந்த வண்டியைத் தொட முடியாது. அவர் ஊரில் இல்லை. அதனால் அன்றைக்கு அந்த அம்மாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வெல்டர் அண்ணனின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் அவர் தன் கதையைச் சொன்னார். அன்றைக்குப் பாதி, அடுத்தடுத்து வந்தபோது மீதி.

அவருடைய அப்பா தையற்காரர். துணியில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவதை மகள் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து, பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அவரைவிட நேராகப் போடத் தொடங்கிவிட்டார். போர் மூண்ட சமயம் பீரங்கித் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். ஆண்கள் பலர் படைக்குப் போய்விட்டதால் பெண்களையும் கூப்பிட்டார்கள். இவர் போனார். சேர்ந்த புதிதில் மற்றவர்கள் வரைந்ததை மெல்லிய தாளில் நகலெடுக்கும் வேலை. இவர் போட்ட கோடு எங்கே தொடங்கி எங்கே முடிந்தாலும் ஒரே கனத்தில் இருக்கும். அதனால் அங்கே எல்லோரும் இவரைக் கோட்டக்கா என்று கூப்பிட்டார்கள். வயதில் மூத்த தலைமை வரைவாளரும் அப்படித்தான் கூப்பிட்டாராம். நானும் அப்படியே சொல்கிறேன்.

பிறகு சின்னச் சின்னதாக அவரையே வடிவமைக்கச் சொன்னார்கள். குழலும், குண்டை வாங்கி அடைத்துக்கொள்ளும் பின்கட்டும் பெரியவர்களின் மேஜைக்குப் போகும். ஆள் மேல் படுகிற பொருட்கள் எல்லாம் கோட்டக்காவின் மேஜைக்கு வரும். இருக்கை, கைப்பிடி, மிதி, எண்ணெய் ஊற்றும் துளைக்கு மூடி, காப்புத் தகடு.

"பெருசெல்லாம் அவங்களுக்கு, பொடிசெல்லாம் எனக்கு" என்று சிரித்தார். "ஆனா ஒண்ணு. குழல வரைஞ்சவருக்கு அத யாரு தொடப்போறான்னு தெரியவேண்டியதில்ல. எனக்குத் தெரிஞ்சாகணும். நாற்காலியெல்லாம் வட்டமா போட்டு, அதுதான் டேங்குன்னு வச்சுக்கிட்டு, எங்க ஆபீஸ் பியூன நடுவுல நிக்க வச்சிருவேன். குள்ளமா இருப்பாரு. கையில சுருட்டின தாளக் குடுத்து, இதுதான் குண்டு, தூக்கு, சொருகு, திரும்புன்னு சொல்லுவேன். பாவம், டீ வாங்கிட்டு வர வந்த மனுஷன்."

காப்புத் தகடு எதற்கு என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பீரங்கி வெடித்ததும் குண்டு முன்னால் பாயும். அதே விசையில் குழலும் அதன் இரும்புப் பின்கட்டும் டேங்கின் உள்ளே பின்னோக்கி உதைத்துக்கொண்டு வரும். எங்கள் ஊரில் கைப்பிடி போட்டுச் சுற்றும் டீசல் இன்ஜின் திருப்பி அடித்து மணிக்கட்டு உடைந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த அடியை எத்தனை மடங்காக்கினாலும் இதற்கு ஈடாகாது. எண்ணெய் நிரப்பிய ஓர் உருளை அந்த உதையை வாங்கி, மெல்ல மெல்ல வேகத்தைத் தின்று, சொன்ன இடத்தில் நிறுத்திவிடும். பிறகு குழல் தானாக முன்னுக்குப் போய்விடும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரம். இந்த இரும்பு பாயும் பாதைக்கு ஓர் அடி பக்கத்தில் மனிதர்கள் நிற்கிறார்கள். அவர்களில் லோடர் என்பவர் குண்டைத் தூக்கித் திணிப்பவர். அவருக்கும் பாயும் இரும்புக்கும் நடுவே நிற்பது அந்தத் தகடு ஒன்றுதான்.

கோட்டக்கா வரைந்த தகடு சேனைக்குப் போன அதே சமயம் அவருடைய தம்பியும் சேனைக்குப் போனார். டேங்கில் லோடர் வேலை கொடுத்தார்கள். அக்கா வரைந்த தகட்டுக்குப் பின்னால் தம்பி நின்றார்.

விடுப்பில் வீட்டுக்கு வந்த தம்பி ஒருநாள் சமையலறையில் பூரிக்கட்டையைக் குண்டு மாதிரி தோளில் ஏந்திக்கொண்டு அக்கா முன்னால் நின்றிருக்கிறார்.

"இந்தா பாரு, இப்படித் தூக்குறேன். இப்படித் திரும்புறேன். டங்! முழங்கை உன் தகட்டுல. தினம் டங்கு டங்குன்னு அடி வாங்குறேன். கூட இருக்கிறவனுங்க, உங்க அக்கா உன்னைய அடிக்கிறாங்கடான்னு சிரிக்கிறானுங்க."

"நீ கைய ஒழுங்கா வச்சுக்கோ."

"எங்க வைக்கறது? பாக்கெட்லயா?"

கோட்டக்காவும் சிரித்திருக்கிறார். பிறகு, தம்பியின் முழங்கையில் கன்னிப்போயிருந்த கறுப்பைப் பார்த்துவிட்டு, ஈரக் கையால் மேடைக்கல்லில் தகட்டை வரைந்து காட்டினார். "முன்னாடி ரெண்டு போல்ட்டு இருக்கு பாரு. ரிப்பேர் பண்ண வசதியா இருக்கட்டும்னு வச்சேன். அத கழட்டினா தகடு கீழ மடங்கிடும். ரொம்ப அவசரமா லோட் பண்ணணும்னா மடக்கி வச்சுக்கோ. யாருகிட்டயும் நான் சொன்னேன்னு சொல்லாத."

அந்தத் தகட்டை எப்படி மடக்குவது என்று லோடரிடம் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவர் சொல்லிவிட்டார்.

விடுப்பு முடிந்து தம்பி போனார். அடுத்த முறை வந்தபோது சட்டையின் வலது கை மடித்து ஊக்குக் குத்தியிருந்தது. பின்னோக்கி வந்த இரும்பு கையை முழங்கையோடு கொண்டுபோய்விட்டதாகப் படையிலிருந்து தகவல் வந்திருந்தது.

"எப்படின்னு நீங்க அவர்கிட்ட கேக்கலையா?" என்றேன்.

"எப்படிக் கேப்பேன்? 'நான் சொன்னதக் கேட்டுக் கழட்டினியா'ன்னா? கேட்டா ஆமான்னு சொல்லிட்டா?" அவர் டீ டம்ளரை ஸ்டூலின் காலருகே வைத்தார். "அவனும் சொல்லல. சண்டையில போச்சுன்னு மட்டும் சொன்னான். தகட்டப் பத்தி அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசினதே இல்ல. என்னைத் திட்டக்கூடாதுன்னுதான் சொல்லாம இருக்கான்னு எனக்கு. இத்தன காலமா அந்த நினைப்புலதான் அவன் முன்னாடி உக்காந்து சாப்பிடறேன். பேப்பர்ல பாத்த நம்பர் அவன் நின்ன வண்டியோடது."

போருக்குப் பிறகு அவர் தையல் மெஷின் கம்பெனிக்கு மாறி, ஓய்வு பெறும்வரை அங்கேயே வரைந்தார். ஊசிக்கு முன்னால் விரல் போகாமல் தடுக்கிற சின்னக் கம்பி, சுற்றும் பெல்ட்டுக்கு மேல் மூடி, இப்படி. கழற்றுகிற மாதிரி எதையும் அதன் பிறகு அவர் வைக்கவில்லை. ரிப்பேர்காரர்கள் மூடியைத் திறக்க முடியாமல் அவரைத் திட்டித் தீர்ப்பார்களாம். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று வெல்டர் அண்ணன் வாய்விட்டே கேட்டுவிட்டார். "யாரும் தொரத்தல, நானும் ஓடல" என்றார்.

மேனேஜர் ஊரிலிருந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்தார்.

"அந்தம்மா உள்ள ஏறி விழுந்து வச்சா யாருய்யா பதில் சொல்றது?"

"அவங்க ஏறல சார். நான் ஏறி பாத்து சொல்லப் போறேன். எப்படியும் உள்பக்கம் பெயின்ட் சுரண்டற வேல இருக்கே."

"அப்ப அது நம்ம வேலதானே? அதுக்கு என்கிட்ட எதுக்கு வர்ற?" என்றார். அவர் அனுமதி கொடுக்கும் விதமே அப்படி.

மறுநாள் கோட்டக்கா ஸ்டூலை டேங்கின் பக்கவாட்டை ஒட்டிப் போடச் சொன்னார். நான் மேல் மூடி வழியாக இறங்கினேன். உள்ளே இரும்பும் பழைய எண்ணெயும் கலந்த வாடை. லோடர் நிற்கும் இடத்தில் நின்றேன். வலதுகைப் பக்கம் பீரங்கியின் பின்கட்டு, ஒரு கன்றுக்குட்டியின் உடம்பளவு இரும்பு. அதற்கும் எனக்கும் நடுவே அந்தத் தகடு. இடுப்புக்கு மேல் எழும்பி நின்றது. முழங்கையைத் தூக்கினேன். டங்! தம்பி சொன்னது அத்தனையும் நிஜம்.

"என்ன சத்தம்?" வெளியிலிருந்து குரல்.

"என் முழங்கை."

"ம்ம். இடிக்கும்." கொஞ்சம் பொறுத்து, "போல்ட்டு?" என்றார்.

கிடங்கில் இருந்தபோது துருப் பிடிக்காமல் இருக்க உள்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு அடித்திருந்தார்கள். அதன் அடியில்தான் தொழிற்சாலையின் வெள்ளைப் பெயின்ட். மரக்கத்தியால் மேல்பூச்சை உரித்தேன். முதல் போல்ட் தெரிந்தது. வெள்ளைப் பெயின்ட் போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரைக்கும் ஒரு விரிசல் இல்லாமல் ஒரே தோலாகப் படர்ந்திருந்தது. முறுக்கிய பிறகு அசையாமல் இருக்கத் தொழிற்சாலையில் உளியால் போல்ட்டிலும் தகட்டிலுமாகச் சேர்த்து ஒரு வெட்டு போடுவார்கள். அந்த வெட்டின் இரண்டு பாதியும் நேருக்கு நேர் நின்றன. இரண்டாவது போல்ட்டையும் உரித்தேன். அதே மாதிரி.

ஸ்பானர் பட்டிருந்தால் பெயின்ட் வளையமாக விரிசல் விட்டிருக்கும். விடவில்லை.

"அம்மா, ரெண்டுமே கழட்டல. பேக்டரில முறுக்கினது அப்படியே இருக்கு."

தலையை மேலே நீட்டி எட்டிப் பார்த்தேன். கோட்டக்கா டேங்கின் இரும்புப் பக்கத்தில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். வெல்டர் அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் அவருக்குக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கூரைக்குக் கீழே.

அதோடு போயிருக்கலாம். அவர் எதற்காக வந்தாரோ அது கிடைத்துவிட்டது. நான் கால் வைத்து ஏறத் தொடங்கியபோது, "இரு, இரு" என்றார். குரல் மாறியிருந்தது, ஆபீஸ் குரல். "தகடு நின்னிருக்கு. அப்புறம் எப்படிக் கை போச்சு? பின்கட்டுக்கு மேல ஒரு அளவுகோல் இருக்கும். அதுல ஒரு காட்டி முள்ளு. எங்க நிக்குது பாரு."

அந்த முள்ளைப் பற்றி எனக்கும் தெரியும். பீரங்கி பின்னால் வரும்போது அதைத் தள்ளிக்கொண்டு வரும். திரும்பப் போகும்போது முள்ளை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். கடைசியாகச் சுட்டபோது எவ்வளவு தூரம் வந்தது என்பதை அது காட்டும். அளவுகோலில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். முள் அதைத் தாண்டினால் மேற்கொண்டு சுடக்கூடாது. வண்டியோடு வந்த பதிவேட்டின்படி, தம்பிக்குக் கை போன அன்றே இந்தப் பீரங்கி பழுதாகி, வண்டியைக் கிடங்குக்கு இழுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு அது சுடவே இல்லை. ஆக, அந்த முள் காட்டுவது அந்தக் குண்டைத்தான்.

சாம்பல் பூச்சை உரித்தேன். முள் சிவப்புக் கோட்டை விட்டு வெகுதூரம் விலகி, அளவுகோலின் கடைசியில், பின்கட்டு அதற்கு மேல் வரமுடியாதபடி தடுக்கும் இரும்பு முட்டுக்கு நேராக ஒட்டிக்கொண்டிருந்தது.

சொன்னேன்.

"தகட்டோட பின்முனை எதுக்கு நேரா இருக்கு? டேப் வச்சுப் பாரு."

டேப் வைத்தேன். தகட்டின் பின்முனை சிவப்புக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் முடிந்துவிட்டது. முட்டு நிற்கும் இடத்துக்கும் தகட்டின் முனைக்கும் நடுவே என் விரித்த கை அகலத்துக்கு வெற்றிடம். நான் லோடர் நிற்பதுபோல் நின்று, பின்பக்கப் பெட்டியிலிருந்து அடுத்த குண்டை எடுக்கிற மாதிரி திரும்பினேன். வலது முழங்கை சரியாக அந்த வெற்றிடத்தில் வந்து நின்றது. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

அதையும் சொன்னேன். மறைத்திருந்தாலும் அவர் டேப்பை வாங்கி வெல்டர் அண்ணனை உள்ளே அனுப்பியிருப்பார்.

"சிவப்புக் கோடு வரைக்கும்தான் வரும்னு எனக்குச் சொன்னாங்க" என்றார் கோட்டக்கா மெதுவாக. "நானும் அதுக்குக் கொஞ்சம் கூட வச்சு நிறுத்திட்டேன். எண்ணெய் கொறஞ்சா முட்டு வரைக்கும் வருமேன்னு யோசிக்கல. வராதுன்னு நம்பி வரையற சாமானா அது? வரமுடிஞ்ச கடைசி இடம் வரைக்கும் வரைஞ்சிருக்கணும்." பிறகு எழுந்து குடையை மடக்கினார். "ஒரு ஆட்டோ புடி. நீயும் வா. அளவெடுத்தவன் நீதானே."

தம்பியின் வீடு ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே. கீழே அவருடைய ஜெராக்ஸ் கடை, மேலே வீடு. அந்தத் தெருப் பிள்ளைகள் அவரை இடதுகை மாமா என்பார்கள். இடது கையால் தாளை எடுத்து, தட்டி, மெஷினில் வைத்து, மூடியை முழங்காலால் லேசாக இடித்து மூடுவார். அவ்வளவு வேகம். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"என்னக்கா, இந்நேரத்துல? கூட யாரு, வக்கீலா? சொத்துப் பிரிக்க வந்திருக்கியா?"

"இன்ஜினியர்டா."

"அதுவும் அதே மாதிரிதான். உக்காருங்க தம்பி."

அவர் மனைவி டீ கொண்டுவந்தார். கோட்டக்கா டீயைத் தொடவில்லை.

"உன் வண்டி வந்திருக்குடா. மியூசியத்துல."

இடதுகை மாமா தட்டிக்கொண்டிருந்த தாள்கட்டு நின்றது. "பேப்பர்ல பாத்தேன்" என்றார். "நீ பாத்திருக்க மாட்டன்னு நெனச்சேன். அதான் சொல்லல."

"போல்ட்டு ரெண்டும் அப்படியே இருக்குடா. கழட்டவே இல்ல."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அக்காவை ஒரு மாதிரி பார்த்தார்.

"அதப் பாக்கவா போன? நான் கழட்டிட்டேன்னா நெனச்ச, இவ்ளோ நாளும்?"

"நான்தானே சொன்னேன். அடுப்படியில."

"சொன்ன. ஸ்பானர் கூடக் கையில எடுத்தேன்." அவர் தாள்களைக் கீழே வைத்தார். "அப்புறம் யோசிச்சேன். அக்கா அடுப்படியில சொன்னது என் முழங்கையப் பாத்து பாவப்பட்டு. ஆபீஸ்ல வரைஞ்சது யோசிச்சு, பாத்துப் பாத்து. பாவப்பட்டு சொன்னத விட்டுட்டு வரைஞ்சத நம்புவோம்னு ஸ்பானர உள்ள போட்டுட்டேன்."

கோட்டக்கா தலையை ஆட்டினார். "வரைஞ்சதுதான்டா பத்தல" என்றார். "ஒரு சாண் பத்தல. முட்டு வரைக்கும் நான் இழுத்திருந்தா உன் கை இருந்திருக்கும். நீ நம்பினதுதான் தப்பாப் போச்சு."

"யாரு சொன்னது?"

"இந்தப் பையன் டேப் வச்சுப் பாத்தான்."

"இவருக்கென்ன தெரியும்? அன்னிக்கு இவங்க அப்பாவுக்கே மீசை மொளச்சிருக்காது." அவர் குரல் உயர்ந்துவிட்டது. "உன் தகடு சரியாத்தான் இருந்துச்சு. சும்மா எல்லாத்தையும் இழுத்து உன் தலையில போட்டுக்காத."

"சரியா இருந்தா கை எங்கடா?"

"எண்ணெய் கொறஞ்சு போச்சுக்கா! அதான். எண்ணெய் சரியா இருந்தா அது சிவப்புக் கோட்டத் தாண்டியிருக்காது, உன் தகடே போதும்." மூச்சு வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்குக் காலைல வண்டி ஒரு மேட்டுல மூக்க தூக்கிட்டு நின்னுச்சு. குழல மட்டமா இறக்கி வச்சிட்டுத்தான் எண்ணெய் ஊத்தணும். இறக்க நேரமில்ல, கிளம்பு கிளம்புன்னு சத்தம். அப்படியே ஊத்தினதுல வாய் வரைக்கும் ததும்பிடுச்சு. நெறஞ்சிடுச்சுன்னு மூடியாச்சு. சரிவுல நின்னதால எண்ணெய் பின்னாடி போய் தேங்கி, முன்னாடி முழுக்கக் காத்து. அது அப்புறம்தான் தெரிஞ்சுது."

"யாரு ஊத்தினா?" என்றார் கோட்டக்கா.

கடை வாசலில் ஒரு பெண் சான்றிதழ் ஒன்றை நீட்டிக்கொண்டு நின்றாள். இடதுகை மாமா எழுந்து போனார். "எத்தன காப்பிம்மா? கலரா, சாதாவா?" வழக்கமாகக் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிக்கிற வேலை. அன்று தாளை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். ஓரம் சரியில்லை என்று இன்னொரு முறை எடுத்தார். அந்தப் பெண் சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்ன பிறகும் எடுத்தார். நாங்கள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த டேங்கில் உருளைக்கு எண்ணெய் ஊற்றுவது லோடருடைய வேலை. பட்டறையில் இருக்கிற கையேட்டில் படித்திருந்ததால் எனக்குத் தெரியும். கோட்டக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தத் துளையின் மூடிக்குக் கைப்பிடி வரைந்தவரே அவர்தான். லோடரின் கைக்கு எட்டுகிற மாதிரி, லோடரின் பிடிக்கு அடங்குகிற மாதிரி.

மாமா திரும்பி வந்து உட்கார்ந்தார். அக்காவைப் பார்க்கவில்லை. கோட்டக்கா தான் கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகு தம்பியின் மடித்துக் குத்திய சட்டைக் கையில் ஒட்டியிருந்த கறுப்பு மைத்தூளை விரலால் தட்டிவிட்டார்.

"மெஷின்ல எங்கயோ ஒழுகுது பாரு" என்றார்.

"எத்தன தடவ சொல்லியாச்சு. மெக்கானிக் வந்தாத்தானே."

"மூடியக் கழட்டு, நான் பாக்கறேன்."

"வேணாம் தாயே. நீ கை வச்சா அப்புறம் அத திறக்கவே முடியாது."

மாமாவின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "கல்யாணமான நாள்லேர்ந்து நானும் கேட்டுப் பாத்துட்டேன்" என்றார் என்னிடம். "'சண்டையில போச்சு', அந்த ஒரு வார்த்தைதான் வரும். இன்னிக்கு உங்க புண்ணியத்துல இவ்ளோ பேச்சு கேட்டேன்."

வண்டி முன்கூடத்துக்குப் போகும் முன், பார்வையாளர்களுக்குப் பின்கட்டு நன்றாகத் தெரியட்டும் என்று காப்புத் தகட்டை எடுத்துவிடச் சொன்னார் மேனேஜர். நான் முடியாது என்றேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவரிடம் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் சொன்னேன். காரணம் கேட்டார், சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அது இருந்தாத்தானே முழு வண்டி?" என்றார், ஏதோ நான்தான் எடுக்கச் சொன்னதுபோல.

கோட்டக்கா மறுபடி ஒருமுறை வந்தார். ஏறியே தீருவேன் என்றார். வெல்டர் அண்ணன் கீழிருந்து தாங்க, நான் மேலிருந்து கையைப் பிடிக்க, காவலாளி எல்லாக் கடவுளையும் கூப்பிட, முட்டி மடங்காமலே உள்ளே இறங்கிவிட்டார். லோடர் இடத்தில் நின்று தகட்டைக் கையால் தடவிப் பார்த்தார். போல்ட்டுகளைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து வெள்ளைப் பென்சிலை எடுத்து, தகட்டின் பின்முனை முடிந்த இடத்திலிருந்து உள்சுவரில் ஒரு கோடு இழுத்தார். முட்டு நிற்கும் இடம் வரைக்கும். அளவுகோல் வைத்துக்கொள்ளவில்லை. தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் ஒரே கனம்.

தம்பியை ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்டேன். "கூப்பிட்டேன். 'நான் பாத்த வரைக்கும் போதும்'னுட்டான்" என்றார்.

கோட்டக்கா இப்போது தம்பி வீட்டில்தான் இருக்கிறார். மாடிப்படி ஏற முடியாததால் கடைக்குப் பின்னால் இருந்த அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். பகலில் கடையில் உட்கார்ந்து தாள்களை ஓரம் சேர்த்து அடுக்கித் தருகிறார். டேங்க் முன்கூடத்தில் நிற்கிறது. தகடு அதன் இடத்தில் இருக்கிறது. உள்சுவருக்கு மறுபூச்சு அடித்தபோது அந்தப் பென்சில் கோட்டை மட்டும் விட்டுவிட்டு அடித்தோம்.